பழைய வைட் லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் முதுகைப் பாருங்கள்

பழைய லென்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தால் யாரும் முதலில் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடி பளபளக்கிறதா, கீறல் இருக்கிறதா, வளையத்தில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கான (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனி ஜன்னலில் இரட்டைப் பிம்பத்தை ஒன்று சேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) வைட் ஆங்கிள் லென்ஸ் என்றால் நான் அதைக் கவிழ்த்துவிடுவேன். அது உங்கள் கேமராவுக்குள் நுழையுமா, ஒளியை அளக்கும் மீட்டர் ஒழுங்காகக் காட்டுமா, டிஜிட்டலில் மூலைகள் என்ன ஆகும், கேட்கும் விலைக்குப் பெறுமா என்பதற்கெல்லாம் விடை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். முதன்முதலில் வாங்கிய 35 மி.மீ. லென்ஸின் முன் கண்ணாடி பனித்துளி போல இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பின் கண்ணாடிக்கு உட்புறம் பால் ஊற்றியது போல மூட்டம். முதல் ரோலில் எல்லாப் படமும் புகைக்கு நடுவே எடுத்தது போல வந்தது. விற்றவரைக் குறை சொல்ல மனமில்லை. கவிழ்த்துப் பார்க்காதது என் தப்பு.

ஏன் பின்பக்கம்?

லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அது மேலே எழும்ப இடம் வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்) லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. தூரம். அவ்வளவு தள்ளி நின்றுகொண்டு 21 மி.மீ. லென்ஸ் வேலை செய்ய வேண்டுமென்றால், முன்னால் பெரிய கண்ணாடிகளை அடுக்கி ஒளியைச் சுற்றிவளைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் ரெட்ரோஃபோகஸ். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்த ஆடும் கண்ணாடியே கிடையாது. லைக்கா எம் மவுண்டில் இந்தத் தூரம் 27.8 மி.மீ.தான், அதற்குள்ளேயும் லென்ஸின் பின்பகுதி நீண்டு ஃபிலிமுக்கு மிக அருகே போய்விடலாம். இதனால் வடிவமைப்பாளர்கள் அபர்ச்சருக்கு (ஒளி புகும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கண்ணாடிகளை வைத்துச் சமச்சீராகக் கட்டினார்கள். முன்பாதி செய்யும் வளைவுப் பிழையைப் பின்பாதி எதிர்த்திசையில் சரிசெய்துவிடும். பழைய வைட் லென்ஸ்களில் எடுத்த கட்டடப் படங்களில் விளிம்புக் கோடுகள்கூட நேராக நிற்பது இதனால்தான்.

இதற்கு வேடிக்கையான சாட்சி ஒன்று உண்டு. 1959இல் நிக்கான் எஃப் வந்தபோது அதற்கென்று கொடுத்த 21 மி.மீ. எஃப்/4 நிக்கோர், ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குச் செய்த அதே வடிவமைப்புதான். அதை மாட்ட வேண்டுமென்றால் ஆடும் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டு, தலையில் தனி வியூஃபைண்டர் ஒன்றைச் செருகிப் படம் எடுக்க வேண்டும். எஸ்.எல்.ஆரை வாங்கி ரேஞ்ச்ஃபைண்டராக மாற்றிப் பயன்படுத்தும் கதை!

கேமராவை முடிவு செய்துவிட்டு லென்ஸுக்கு வாருங்கள்

புதிதாக வருபவர்கள் லென்ஸ் மேல் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அப்புறம் கேமரா தேடுவார்கள். மாற்றிச் செய்யுங்கள். பழைய உலகில் நீங்கள் சந்திக்கப்போவது முக்கியமாக மூன்று மவுண்ட்.

முதலாவது லைக்கா திருகு மவுண்ட். 39 மி.மீ. விட்டம், எல்.டி.எம். என்றும் எம்39 என்றும் சொல்வார்கள். பழைய லைக்காக்கள், கேனன் ரேஞ்ச்ஃபைண்டர்கள், சோவியத் ஃபெட், ஸோர்க்கி எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது 1954இல் எம்3 கேமராவோடு வந்த லைக்கா எம் பயனெட், அதாவது செருகித் திருப்பிப் பூட்டும் வகை. மூன்றாவது ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்துக் கான்டாக்ஸ் மவுண்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன கருவிகளை வைத்து உருவான சோவியத் கியெவ் கேமராவும் இதே மவுண்ட்தான். நிக்கான் எஸ் வரிசையின் மவுண்ட் பார்க்க அதே போல இருந்தாலும் ஃபோகஸ் கணக்கு சற்று வேறு. வைட் லென்ஸில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, நீள லென்ஸ்களில் தெரியும்.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை: லென்ஸ்களைத் திருகு மவுண்டில் வாங்குங்கள். திருகு மவுண்டின் ஃபிலிம் தூரம் 28.8 மி.மீ., எம் மவுண்டைவிடச் சரியாக 1 மி.மீ. கூடுதல். ஆகவே 1 மி.மீ. தடிமன் உள்ள ஒரு அடாப்டர் வளையம் போட்டால் திருகு லென்ஸ் எம் கேமராவில் ஃபோகஸ் இணைப்போடு அப்படியே வேலை செய்யும். எம் லென்ஸைத் திருகு கேமராவில் மாட்டுவது நடக்காத காரியம். திருகு லென்ஸுக்கு இரண்டு வீடு, எம் லென்ஸுக்கு ஒரு வீடு.

இந்த அடாப்டரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 1 மி.மீட்டரைவிடக் கொஞ்சம் தடித்திருந்தால் தூரத்து மலை தெளிவாக வராது. மெலிந்திருந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று சொல்லும், ஃபிலிம் வேறொன்று சொல்லும். அடாப்டர்கள் மூன்று வகையாக வரும்: 28/90, 35/135, 50/75. எம் கேமராவின் வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் எந்த ஃப்ரேம் கோடு எழ வேண்டும் என்பதை வளையத்தின் வடிவம்தான் முடிவு செய்கிறது. 35 மி.மீ. லென்ஸுக்கு 35/135 வளையம் கேட்டு வாங்குங்கள்.

35இல் தொடங்குங்கள், 21க்கு அவசரம் வேண்டாம்

35 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 63 டிகிரி பார்க்கும். 28 மி.மீ. சுமார் 75 டிகிரி. 21 மி.மீ. 90 டிகிரியைத் தாண்டிவிடும். எண்ணில் சின்ன வித்தியாசம்தான், கையில் எடுத்தால் மூன்றும் மூன்று உலகம். 35இல் ஆளைப் பார்த்தபடி எடுக்கலாம். 28இல் ஒரு அடி முன்னே போக வேண்டும். 21இல் ஃப்ரேமின் ஓரத்தில் நிற்பவரின் தலை முட்டை போல இழுபடும். அது லென்ஸின் குறையல்ல, அகலக் காட்சியைத் தட்டையான தாளில் விரிப்பதன் விளைவு. மனிதர்களை நடுவில் வைக்கப் பழகிய பிறகு 21க்குப் போனால் போதும்.

இன்னொரு காரணம் வியூஃபைண்டர். லைக்கா எம்3யின் கண்ணில் 50 மி.மீ.க்குக் கீழ் கோடே கிடையாது. எம்2 வந்தபோதுதான் 35க்குக் கோடு வந்தது, எம்4-பி வந்தபோது 28க்கு. அதற்கும் கீழே போனால் கேமராவின் தலையில் செருகும் தனி ஃபைண்டர் வேண்டும். லென்ஸோடு அதன் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நல்ல பழைய 21 மி.மீ. ஃபைண்டர் சில சமயம் லென்ஸுக்கே சவால் விடும் விலையில் நிற்கும்.

எம்3க்காகக் கண்ணாடி மாட்டிய 35 மி.மீ. லென்ஸ்கள் உண்டு. லென்ஸின் மேல் மூக்குக்கண்ணாடி போல இரண்டு சில்லுகள் இருக்கும், அவை 50 மி.மீ. கோட்டை 35 ஆக விரித்துக் காட்டும். எம்3 வைத்திருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. யாராவது அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விற்றால் வாங்காதீர்கள், ரேஞ்ச்ஃபைண்டர் கணக்கு தப்பிவிடும்.

எதைத் தேடுவது

முழுப் பட்டியல் போட ஒரு புத்தகம் வேண்டும். நான் புதியவரிடம் சொல்லும் பெயர்கள் சில.

சோவியத் ஜூபிடர்-12, 35 மி.மீ. எஃப்/2.8. லுட்விக் பெர்ட்டெலே 1930களில் கான்டாக்ஸுக்காக வடிவமைத்த ஸைஸ் பயோகானின் வழிவந்தது. திருகு மவுண்டிலும் கியெவ் மவுண்டிலும் கிடைக்கும். நிறையச் செய்தார்கள், ஆகவே இன்றும் தட்டுப்பாடில்லை. கவிழ்த்துப் பார்த்தால் பின் கண்ணாடி ஒரு பெரிய கோலிகுண்டு போலப் புடைத்து வெளியே நிற்கும். அதன் பெருமையும் தொல்லையும் அதுதான். போருக்குப் பிந்தைய கான்டாக்ஸ் IIஏ, IIIஏ கேமராக்களுக்குள் போருக்கு முந்தைய பயோகானும் நுழையாது, இதுவும் நுழையாது. அபர்ச்சர் வளையம் முன் கண்ணாடியைச் சுற்றிக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். விரலை விட்டுத் திருப்பும்போது கண்ணாடியில் ரேகை பதிந்துவிடும். 40.5 மி.மீ. ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டால், அதைக் கழற்றாமல் அபர்ச்சரை மாற்ற முடியாது என்று அடுத்த எரிச்சல். இத்தனைக்கும் பிறகு படத்தைப் பார்த்தால் மன்னித்துவிடுவீர்கள்.

லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் எல்மார் 3.5 செ.மீ. எஃப்/3.5, 1930இல் வந்தது. சட்டைப் பையில் காசு போலக் கிடக்கும் அளவு. போருக்கு முந்தையவற்றில் எதிரொளிப்பைக் குறைக்கும் கோட்டிங் கிடையாது, எதிர்வெயிலில் படம் வெளிறிவிடும். அபர்ச்சர் எண்கள் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று பழைய வரிசையில் இருக்கும். பயப்பட வேண்டாம், 6.3க்கும் 9க்கும் இடையே ஒரு ஸ்டாப்தான், அதாவது ஒளி பாதியாகும் ஒரு படி. போருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த சம்மரான் 35 மி.மீ. எஃப்/3.5 எல்லா வகையிலும் மேல். ஆனால் உள்மூட்டம் அதற்குப் பரம்பரை நோய். டார்ச் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள்.

கேனன் திருகு லென்ஸ்கள் எனக்குத் தனிப்பட்ட பிரியம். 1957இல் வந்த 28 மி.மீ. எஃப்/2.8, 1962இல் வந்த 35 மி.மீ. எஃப்/2 இரண்டும் சின்ன உடம்பு, உறுதியான கட்டு. ஜெர்மன் பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் காசை மிச்சப்படுத்தி ஃபிலிம் வாங்கலாம்.

28இல் லைட்ஸ் பக்கம் 1935இன் ஹெக்டர் எஃப்/6.3, 1955இன் சம்மரான் எஃப்/5.6 என்று இரண்டு. எஃப்/5.6 என்றால் இருட்டில் ஒன்றும் செய்ய முடியாதே என்பார்கள். வெயிலில் நடந்துகொண்டே எடுப்பவருக்கு அதுவே போதும். லைக்கா நிறுவனமே 2016இல் அந்தச் சம்மரானை எம் மவுண்டில் மறுபடி செய்து விற்றது. சோவியத் பக்கம் ஓரியான்-15 28 மி.மீ. எஃப்/6 உண்டு. மிகாயில் ருசினோவ் வடிவமைத்த 20 மி.மீ. எஃப்/5.6 ருஸார் எம்ஆர்-2வும் உண்டு.

21 மி.மீ. என்றால் இரண்டு பெயர்கள் முன்னே நிற்கும். 1954இல் பெர்ட்டெலே கான்டாக்ஸுக்குச் செய்த பயோகான் எஃப்/4.5. லைக்காவுக்காக ஷ்னைடர் செய்த சூப்பர் ஆங்குலான், 1958இல் எஃப்/4 ஆகவும் 1963இல் எஃப்/3.4 ஆகவும் வந்தது. இவை ஆசைக்குரியவை, முதல் லென்ஸ் அல்ல.

அகலமாகப் பார்க்கும் ஆசை அடங்கவில்லையென்றால் 1999இல் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லெண்டர் பெயரில் கொண்டுவந்த திருகு மவுண்ட் லென்ஸ்களைப் பாருங்கள். கண்டிப்பான சேகரிப்பாளர் அவற்றைப் பழையது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். 15 மி.மீ. எஃப்/4.5 சூப்பர் வைட் ஹெலியார், 25 மி.மீ. எஃப்/4 ஸ்னாப்ஷாட் ஸ்கோபார் இரண்டின் முதல் வடிவங்களும் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தில் வைக்க வேண்டும். அவ்வளவு அகலத்தில் அது பெரிய குறையல்ல.

கையில் வந்ததும்

ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச், ஊதும் ரப்பர் குமிழ், பூதக்கண்ணாடி. இவை போதும். அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்த்து அடித்து முன்னாலிருந்து பாருங்கள். பிறகு மாற்றி. எல்லாப் பழைய லென்ஸிலும் தூசி தெரியும், அதை விட்டுவிடுங்கள். தேட வேண்டியது வேறு.

சமமாகப் பரவிய வெண்மை மூட்டம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிரீஸின் எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. சுத்தம் செய்தால் போய்விடலாம். நாளாகியிருந்தால் கண்ணாடியையே அரித்திருக்கும், அப்போது துடைத்தாலும் தடம் நிற்கும். வெளியே இருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே மூட்டம் இருந்தால் அது போகாது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

வேர் போலவோ சிலந்திவலை போலவோ கிளை விட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் ஒரு நூல் என்றால் படத்தில் தெரியாது, நடுவில் என்றால் வேண்டாம். ஓரத்தில் வானவில் நிறத்திலோ வெள்ளித் திட்டாகவோ தெரிந்தால் ஒட்டுப்பசை பிரிகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணாடிகளை கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள், அது காய்ந்து விடுகிறது. மறுபடி ஒட்டுவது சிறப்பு வேலை, கைராசிக்காரர்கள் குறைவு.

கீறலைப் பற்றி ஒரு வார்த்தை. முன் கண்ணாடியில் துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கோடுகள் வெயிலை நோக்கி எடுக்கும்போது மட்டும் கான்ட்ராஸ்டைக் குறைக்கும், மற்றபடி வாழலாம். பின் கண்ணாடியில் விழுந்த கீறல் அப்படியல்ல. வைட் லென்ஸில் அது ஃபிலிமுக்கு மிக அருகே இருக்கிறது. சின்ன அபர்ச்சரில் அதன் நிழலே படத்தில் விழக்கூடும். புடைத்த பின் கண்ணாடியை மேசையில் வைத்தவர்கள் நிறையப் பேர். விற்பவர் படம் அனுப்பும்போது பின்பக்கப் படம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அதுவே பதில்.

அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருந்தாலும் இந்த லென்ஸ்களில் அவசரமில்லை. எஸ்.எல்.ஆரில் போல இதழ்கள் நொடியில் மூட வேண்டியதில்லை, நாமே கையால் திருப்புகிறோம். ஆனால் அந்த எண்ணெய்தான் நாளை மூட்டம். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, சர்வீஸ் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளையத்தைத் திருப்பாமல் லென்ஸை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் திருகுத் தடம் தேய்ந்திருக்கிறது. நானே கழற்றிவிடுகிறேன் என்று இறங்க வேண்டாம். ஃபோகஸ் திருகுக்குப் பல தொடக்கங்கள் இருக்கும். ஒன்று மாறி நுழைந்தால் தூர எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும்.

மாட்டும் முன், மாட்டிய பின்

பின் கண்ணாடி நீண்ட லென்ஸை முதல்முறை மாட்டும்போது மெதுவாக. உள்ளே எங்காவது இடிப்பது போல உணர்ந்தால் நிறுத்துங்கள், அழுத்த வேண்டாம். லைக்கா எம்5இலும் சிஎல்லிலும் மீட்டரின் கண் ஒரு கைபோல லென்ஸுக்குப் பின்னால் எழுந்து நிற்கும், நீண்ட பின்பகுதி அதில் மோதிவிடும். எம்6இல் மோதாது, ஆனால் அங்கே மீட்டர் ஷட்டர் திரையிலுள்ள வெள்ளைப் பொட்டைப் பார்த்து அளக்கிறது. சூப்பர் ஆங்குலானின் பின்பகுதி அந்தப் பார்வையை மறைத்துவிடும், அளவு தப்பும். கையில் தனி மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஃபோகஸ் சோதனை. கேமராவுக்குள் சின்னச் சக்கரம் வைத்த ஒரு நெம்பு இருக்கிறது. லென்ஸின் பின்விளிம்பு அதைத் தள்ளும் அளவை வைத்துத்தான் இரட்டைப் பிம்பம் ஒன்று சேர்கிறது. அந்த நெம்பு 50 மி.மீ. லென்ஸின் அசைவுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. வைட் லென்ஸ் ஃபோகஸ் செய்ய அதைவிடக் குறைவாகத்தான் நகரும், ஆகவே அதன் பின்விளிம்பைத் தனிச் சரிவோடு கடைந்திருப்பார்கள். யாராவது கழற்றிப் பூட்டும்போது அந்தக் கணக்கைக் கெடுத்திருக்கலாம்.

டிஜிட்டல் கேமராவில் லைவ் வியூ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபிலிம் கேமராவில் பின்மூடி திறக்கும் வகை என்றால், காலியான கேமராவில் ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான டேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரை பி-யில் (விரலை எடுக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து பிடித்து, தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வளையம் முடிவிலியில் நிற்கும்போது டேப்பிலும் தெளிவாக இருக்க வேண்டும், ரேஞ்ச்ஃபைண்டரிலும் பிம்பம் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். அடியிலிருந்து ஃபிலிம் போடும் பழைய திருகு லைக்காக்களில் இது முடியாது. அரை ரோலைச் சோதனைக்கு விட்டுவிடுங்கள்.

வீதியில் பயன்படுத்துவது

வைட் லென்ஸின் உண்மையான சுகம், ஃபோகஸ் செய்யாமலே எடுப்பது. லென்ஸின் மேல் தூர எண்களுக்குப் பக்கத்தில் இருபுறமும் அபர்ச்சர் எண்கள் பொறித்திருக்கும். 28 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 1.6 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவாக இருக்கும். 21 மி.மீ. என்றால் 1.9 மீட்டரில் நிறுத்தினால் ஒரு மீட்டருக்கும் உள்ளேயிருந்து கிடைக்கும். 35 மி.மீ.க்கு 5 மீட்டரில் நிறுத்த வேண்டும், தெளிவு இரண்டரை மீட்டரில்தான் தொடங்கும். இந்தக் கணக்கு அந்தக்கால அளவான அச்சுப் படத்துக்கு. இன்று திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர் லென்ஸை எஃப்/11இல் வைத்துக்கொண்டு எஃப்/8 கோடுகளுக்குள் வேலை செய்தால் ஏமாற மாட்டார்.

தனி ஃபைண்டர் வைத்தால் கண்ணுக்கு இரண்டு வேலை: ஒரு ஜன்னலில் ஃபோகஸ், மேல் ஜன்னலில் சட்டகம். கிட்டே எடுக்கும்போது மேல் ஜன்னல் காட்டுவதைவிட லென்ஸ் சற்றுக் கீழே பார்க்கும் என்பதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும். கேமரா சாய்ந்தால் கட்டடங்கள் பின்னால் விழுவது போல வரும். சட்டகத்தில் அடிவானத்தைப் பாதியில் நிறுத்தினால் கேமரா மட்டமாக இருக்கிறது என்று பொருள். பெரும்பாலான பழைய திருகு லென்ஸ்கள் ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அதற்கு மேல் நெருங்க வேண்டுமென்றால் வேறு கேமரா.

மூடி! எஸ்.எல்.ஆரில் மூடி போட்டிருந்தால் இருட்டாகத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் உலகம் பிரகாசமாகவே தெரியும், ஃபிலிம் மட்டும் இருட்டில் ஓடும். ஒரு முழுக் காலை நேரத்தை நான் அப்படிப் படம் எடுத்திருக்கிறேன். 21இல் இன்னொன்று சேரும்: கீழே தாங்கிய விரல் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடும், ஃபைண்டரில் அது தெரியவே தெரியாது.

அப்படியென்றால் மூடியே வேண்டாமா என்றால், வேண்டும். துணித் திரை ஷட்டர் உள்ள கேமராவில் லென்ஸ் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போலத் திரையில் ஓட்டை விழும். தோளில் தொங்கவிட்டு வெயிலில் நடக்கும்போது அபர்ச்சரைச் சின்னதாக்கி, ஃபோகஸைக் கிட்டத்துக்குத் திருப்பி வையுங்கள். மேசையில் மல்லாத்தி வைக்காதீர்கள்.

மூலைகள் இருளும், டிஜிட்டலில் நிறமும் மாறும்

சமச்சீர் லென்ஸில் மூலைக்குப் போகும் ஒளி மிகவும் சாய்ந்து போகிறது. கணக்குப்படி, 45 டிகிரி சாய்ந்து வரும் ஒளி நடுவில் விழுவதில் கால் பங்குதான். அதாவது இரண்டு ஸ்டாப் இருட்டு. 21 மி.மீ. லென்ஸின் மூலை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. 35இல் இது ஒரு ஸ்டாப் அளவோடு நின்றுவிடும். அபர்ச்சரைக் குறைத்தாலும் இந்த இருட்டு போகாது, இது வடிவமைப்போடு பிறந்தது. ஃபிலிமில் இதைத் திருத்த முயலாதீர்கள், பார்வையாளரின் கண்ணை நடுவுக்கு இழுக்க அதுவே உதவும். ஸ்லைடு ஃபிலிம் என்றால் மட்டும் அரை ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.

ஃபிலிமுக்கு ஒளி எந்தக் கோணத்தில் வந்தாலும் பெரிய கவலையில்லை. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. அதைச் சாய்வாகக் கடக்கும் ஒளி இடம் பெயர்ந்துவிடும், மூலைகள் எண்ணெய் தடவியது போல இழுபடும். ஆடும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் வகையான மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் அந்தத் தகடு தடிமனாக இருப்பதால் இது நன்றாகவே தெரியும். லைக்கா எம் டிஜிட்டல்களில் அதை மெல்லியதாக வைத்து, சென்சாரின் நுண்லென்ஸ்களையும் மூலைகளில் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் 2009இல் வந்த எம்9இல் பழைய 21களை மாட்டினால் ஒரு ஓரம் செம்மை ஏறும்.

வழிகள் உண்டு. ஒரே வெளிச்சம் பரவிய வெள்ளைத் தாளை அதே அபர்ச்சரில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அந்த நிறத்தையும் இருட்டையும் கழித்துவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. சோம்பல் உள்ளவர்களுக்கு (நானும்தான்) எளிய வழி கறுப்பு வெள்ளை. இழுபட்ட மூலையை எந்த மென்பொருளும் மீட்காது, அதற்கு எஃப்/8க்கோ எஃப்/11க்கோ போவதுதான் கொஞ்சம் உதவும். 1.5 மடங்கு சின்ன சென்சார் கேமராவில் இந்த மூலைகளே வெட்டுப்பட்டுவிடும், ஆனால் 28 மி.மீ. 42 போல ஆகிவிடும். வைட் லென்ஸ் வாங்கிவிட்டு வைட் இல்லாமல் எடுப்பதா என்பது உங்கள் முடிவு. மிரர்லெஸ் கேமராவில் ஜூபிடர்-12 போன்றவற்றை மாட்டும் முன், பின் கண்ணாடி ஷட்டரைத் தொடுமா என்பதை அளந்து பார்த்துவிடுங்கள். ஒரு தொடுதல் போதும், இரண்டும் போச்சு.

பழைய வைட் லென்ஸில் டிஜிட்டலில் மூலை வரை கூர்மை வேண்டும் என்பவர், ரெட்ரோஃபோகஸ் வகைக்குப் போவது மேல். இந்தச் சமச்சீர் லென்ஸ்கள் ஃபிலிமை நினைத்துச் செய்தவை. ஒரு ஃபிலிம் கேமரா கூடவே இருந்தால்தான் அவை தங்கள் முழு முகத்தையும் காட்டும்.

வைத்துக் காப்பது

தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைத் தனி டப்பாவில் வைப்பது என் வழக்கம்.

துடைப்பது கடைசி வழி. முதலில் காற்று ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, அதற்கும் போகாவிட்டால் லென்ஸ் திரவம் ஒரு துளி நனைத்த டிஷ்யூ. அந்தக் காலக் கோட்டிங்குகள் மென்மையானவை, சட்டை நுனியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் அடுத்து வாங்குபவர் டார்ச் அடிக்கும்போது அது தெரியும். கழற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும் பின்மூடியை முதலில் போடுங்கள். புடைத்த கண்ணாடி உள்ள லென்ஸுக்குச் சாதாரண மூடி பொருந்தாது, ஆழமான மூடி வேண்டும். லென்ஸோடு அது வருகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஜூபிடர்-12க்கு அதைத் தனியாகத் தேடி நான் இரண்டு மாதம் அலைந்தேன்.